மீன் தொட்டியும் நீர்ச் சோதனையும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே கிடப்பது திருவரங்கத் தீவு. ஐம்பூதத் தலங்களுள் நீருக்கு உரியது எனப் போற்றப்படும் திருவானைக்காவும் அத்தீவிலேயே இருக்கிறது. ஆற்றின் தென்கரையில் மலைக்கோட்டையைச் சூழ்ந்து திருச்சிராப்பள்ளி நகரம் விரிந்திருக்கிறது. இத்தகைய ஊரில் வாழ்கிறவர்களுக்கு நீரைப் பற்றி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஆற்று நீரைப் பற்றியது அன்று. உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் நீர்ச்செடிகளை நட்டு, நாலைந்து மீன்களையும் விட்டு வளர்க்கிறீர்கள். அந்தத் தொட்டி நீரைச் சோதிப்பதற்கென்று கடைகளில் பலவகைச் சோதனைப் பெட்டிகள் விற்கின்றன. அவற்றுள் எதை வாங்குவது, எதை விடுவது, வாங்கியதை எவ்வளவு நம்புவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறு பொருளாயிற்றே என்று கருத வேண்டா. ஆற்றில் வாழும் மீன், நீர் தனக்கு ஒவ்வாவிடில் வேறிடம் நாடிச் செல்லும். தொட்டி மீனுக்கு வேறிடம் இல்லை. அதற்கு ஆறும் குளமும் மழையும் நாமே. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன், நீர் எப்படியிருக்கிறது என்று அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். கண்ணால் பார்த்து அறியலாம் என்றால் அது இயலாது. மீனைக் கொல்லும் நீரும் பளிங்குபோல் தெளிந்திருக்கக்கூடும். பச்சை படர்ந்து கலங்கிய நீரில் மீன் நலமாக நீந்தவும் கூடும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் நெறி. ஆகவே, உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். பருப்பு வேகாத தண்ணீர் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றும் சொல்வார்கள். அவ்விரண்டும் நீரின் கடினத்தன்மையை அறியும் சோதனைகளே. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்தால் பருப்பு வேக நேரமாகும். சோப்பு நுரையாமல் திரிதிரியாகப் படியும். ஒரே ஊரில் ஒரு தெருவுக்கும் மற்றொரு தெருவுக்கும் நீரின் இயல்பு மாறுவதைத் திருச்சியில் வாழ்வோர் நன்கு அறிவர். ஆற்று மணலில் ஊறி வரும் நீர் ஒரு வகை. பாறை நிலத்தில் ஆழத் துளைத்து எடுக்கும் நீர் மற்றொரு வகை. கம்பரசம்பேட்டை போன்ற நீரேற்று நிலையங்களிலிருந்து குளோரின் கலந்து குழாயில் வரும் நீர் வேறொரு வகை. பாட்டியாரின் பருப்புச் சோதனையில் ஒரு சிறப்பு உண்டு. அவர் ஒரு கேள்வியை மனத்திற்கொண்டு, அதற்கு மட்டுமே விடை தேடினார். சமைக்க இந்நீர் ஏற்றதா என்பதே அக்கேள்வி. விடையும் ஐயமின்றிக் கிடைத்தது.

இதே இயல்பை மிகப் பெரிய விஞ்ஞானி ஒருவரிடமும் காண்கிறோம். சர். சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு திருவானைக்காவில் பிறந்தவர். 1921ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று சிந்தித்தார். வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது அக்காலத்தில் பலரும் ஏற்றிருந்த விளக்கம். இராமன் தம்மிடமிருந்த சிறியதொரு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். அப்பட்டகத்தை உரிய கோணத்தில் திருப்பினால் நீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளி மறைந்துவிடும். அது மறைந்த பின்னும் கடல் நீலமாகவே தோன்றியது. ஆகவே அந்நீலம் நீரிலிருந்தே வருகிறது என்று தெளிந்தார். சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு கருவி அத்தனை பெரிய ஐயத்தைத் தீர்த்தது எதனால்? கேள்வி தெளிவாக இருந்தது. கருவி அக்கேள்விக்குப் பொருந்தியிருந்தது. நீர்ச் சோதனைப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே விதி. எத்தனை சோதனைகள் இப்பெட்டியில் உள்ளன என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், எனக்குத் தெரிய வேண்டியது யாது என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு கேளாமையால் நேர்ந்த துன்பம் ஒன்றைச் சொல்கிறேன். திருவரங்கத்தில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் புதிதாகத் தொட்டி அமைத்தான். மணல் பரப்பி, செடி நட்டு, மறுநாளே ஆறு மீன்களை விட்டான். ஒரு வாரத்திற்குள் மூன்று மீன்கள் இறந்தன. அவன் ஒரு சோதனைத்தாள் புட்டியுடன் என்னிடம் வந்தான்.

"ஐயா, இந்தத் தாளில் ஐந்து சோதனைகள் இருக்கின்றன. ஐந்தும் நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது. பிறகு ஏன் இறந்தன?" என்று கேட்டான்.

புட்டியை வாங்கிப் பார்த்தேன். நைட்ரேட்டு, நைட்ரைட்டு, கடினத்தன்மை, காரத்தன்மை, அமில காரநிலை என்ற ஐந்தும் இருந்தன. "தம்பி, இதில் அம்மோனியா எங்கே இருக்கிறது?" என்றேன். அவன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இல்லையே, ஐயா" என்றான். தாள் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட ஐந்து கேள்விகளுக்கும் அது விடை கூறிற்று. கேட்க வேண்டிய ஆறாவது கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆறாவது கேள்வி ஏன் அத்துணை முக்கியமானது என்பதை அறிய, தொட்டியினுள் நடப்பதை அறிய வேண்டும். மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாத தீனியும் அழுகிய இலையும் அம்மோனியாவையே தருகின்றன. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சே. வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். இது அத்துணைக் கொடிதன்று. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகிக் குடியமர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை விடுவது, அடுப்பில்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போன்றது. ஆகவே, புதுத் தொட்டி வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியவை அம்மோனியாச் சோதனையும் நைட்ரைட்டுச் சோதனையுமே. இரண்டும் சுழியைக் காட்டும்வரை பொறுத்திருப்பதே மீனுக்கு நாம் செய்யும் முதல் உபசாரம்.

இங்கே செடிகளுக்குத் தனியிடம் உண்டு. ஹைட்ரில்லாச் செடியைப் புனலால் மூடி, அதன்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்துப் பிராணவாயுக் குமிழிகள் எழுவதை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அதே செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாகக் கொள்கின்றன. மீன் மட்டும் உள்ள தொட்டியில் நைட்ரேட்டு என்பது கழிவின் கணக்கு. செடிகள் செழித்த தொட்டியிலோ அது களஞ்சியத்தின் கணக்கு. அங்கே நைட்ரேட்டு முற்றிலும் இல்லையென்று சோதனை காட்டினால் மகிழ வேண்டா. செடிகள் பசித்திருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். ஒரே சோதனை, ஒரே நிறம். ஆயினும் பொருள் வேறு. சோதனைப் பெட்டி எண்ணைத்தான் தரும். அதன் பொருளை நீங்கள்தாம் உணர வேண்டும்.

இனி, பெட்டிகளின் வகைகளைக் காண்போம். வானொலியில் நிறுவனங்களின் பெயரைக் கூறி ஒன்றைப் புகழ்வது முறையன்று. அது தேவையும் இல்லை. வகையை அறிந்தால் பொருளை நீங்களே தேர்ந்துகொள்வீர்கள்.

முதல் வகை சோதனைத்தாள். நீரில் ஒரு கணம் தோய்த்து எடுத்து, நிற அட்டையுடன் ஒப்பிட வேண்டும். விரைவாக முடியும், விலையும் முதலில் குறைவுபோல் தோன்றும். ஆனால் அது தோராயத்தையே காட்டும். மேலும், புட்டியை ஒருமுறை திறந்துவிட்டால் காற்றின் ஈரம் தாளைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்காலத்தில் திறந்து வைத்த புட்டியை நம்ப முடியாது. ஏதேனும் திடீரென மாறியிருக்கிறதா என்று விரைந்து பார்க்கத் தாள் உதவும். அளந்து முடிவு செய்ய உதவாது.

இரண்டாம் வகை, நிறத்தை ஒப்பிடும் துளிச் சோதனை. 5 மில்லி நீரில் குறித்த எண்ணிக்கைத் துளிகளை விட்டு, குறித்த நிமிடங்கள் பொறுத்து, தோன்றும் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகியவற்றுக்கு இதுவே பெரும்பாலோர் கையாளும் முறை. சாலிசிலேட்டு முறையில் அம்மோனியா பச்சை நிறம் தரும். நைட்ரைட்டு இளஞ்சிவப்பு நிறம் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரீஸ் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் கண்ட வினையே இதற்கு அடிப்படை.

மூன்றாம் வகை, துளியை எண்ணும் சோதனை. கடினத்தன்மைக்கும் காரத்தன்மைக்கும் உரியது இது. ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் நிறம் சட்டென்று மாறும். பல பெட்டிகளில் ஒரு துளிக்கு ஒரு ஜெர்மன் பாகை என்பது கணக்கு. அதாவது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லி கிராம். கல்லூரி மாணவர்களே, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தல் சோதனையே இது. பியூரெட்டின் இடத்தில் துளிப்புட்டி வந்திருக்கிறது; வேறுபாடு அவ்வளவே. நீரை 5 மில்லிக்குப் பதிலாக 10 மில்லி எடுத்தால் ஒரு துளி அரைப் பாகையாகும், நுட்பம் இருமடங்காகும். சிலருடைய கண்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண்பது அரிது. அது குறைவன்று, இயற்கை. நிற அட்டையைப் படிக்கும் வேலையை அவர்கள் வேறொருவர் துணையுடன் செய்யலாம். அல்லது நிறத்தை எண்ணாக மாற்றிக் காட்டும் ஒளிமானியைப் பயன்படுத்தலாம்.

நான்காம் வகை மின்கருவிகள். பேனா வடிவில் கிடைக்கும் கரைபொருள் அளவியைப் பல வீடுகளில் காண்கிறேன். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, மொத்த உப்பு இவ்வளவு என்று கணித்துக் காட்டும். எந்த உப்பு என்று கூறாது. மழைநீரில் சமையல் உப்பைப் போட்டால் அதில் எண் ஏறும், கடினத்தன்மையோ ஏறாது. அமில காரநிலையைக் காட்டும் கருவியை, அளவு தெரிந்த கரைசலில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். இல்லாவிடில் அது பிழையான எண்ணையும் இரண்டு தசமத் துல்லியத்துடன் கூறும். தசமப்புள்ளி உண்மைக்குச் சான்றாகாது.

கடையில் நின்று பெட்டியைக் கையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, காலாவதி நாள். நமது ஊர்க் கோடை வெயில் ரசாயனக் கரைசல்களுக்கு நண்பனன்று. நாள் நெருங்கிய பெட்டியை விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டா. வாங்கியதைத் தொட்டி விளக்கின் மேலோ சன்னல் ஓரத்திலோ வைக்கவும் வேண்டா.

இரண்டு, எல்லை. அமில காரநிலையைப் பி.எச். என்ற எண்ணால் குறிக்கும் முறையை 1909இல் டென்மார்க்கு நாட்டின் சோரன்சன் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். சில பெட்டிகளின் அட்டை 6இல் தொடங்கி 7.6இல் முடிந்துவிடும். உங்கள் கிணற்று நீர் 8.2 ஆக இருந்தாலும் அது 7.6 என்றே காட்டும். அட்டையின் கடைசி நிறத்தோடு நீரின் நிறம் ஒத்திருந்தால், அளவு இது என்று கொள்ளாமல், இதுவோ இதற்கு மேலோ என்று கொள்வதே அறிவுடைமை. நம் கிணற்று நீருக்கு உயர் எல்லை கொண்ட பெட்டியும் வேண்டியிருக்கும்.

மூன்று, அலகு. நைட்ரேட்டை ஒரு பெட்டி முழு நைட்ரேட்டாகக் கணக்கிடும். மற்றொன்று அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடும். பின்னதை 4.43ஆல் பெருக்கினால் முன்னது வரும். 10 என்று ஒருவர் கூறுவதும் 44 என்று மற்றவர் கூறுவதும் ஒரே நீராக இருக்கலாம். அலகு எழுதாத எண் பெயர் எழுதாத விடைத்தாளைப் போன்றது.

நான்கு, எதனைக் கணக்கிடுகிறது என்பது. செடிகளுக்கான இரும்புச் சத்தைப் பெரும்பாலும் வேறொரு சேர்மத்தோடு பிணைத்தே உரமாக இடுகிறார்கள். சில பெட்டிகள் அவ்வாறு பிணைந்த இரும்பைக் காணா. அவ்வாறே, வீட்டில் பயன்படும் அம்மோனியாப் பெட்டிகளில் பெரும்பாலானவை மொத்த அம்மோனியாவையே காட்டும். அதில் நஞ்சாகும் பகுதி எவ்வளவு என்பதை நாமே கணிக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கருத்தைச் சற்று விரித்துரைக்கிறேன். நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று நச்சுத்தன்மை மிகுந்தது, மற்றொன்று குறைந்தது. வெப்பம் 25 பாகையும் பி.எச். 7உம் ஆயின், நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. வெப்பம் 30 பாகையும் பி.எச். 8உம் ஆயின், நூற்றில் ஏழு பங்கிற்கு மேல். அதே வெப்பத்தில் பி.எச். 8.5 ஆயின், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, குளிர்நாட்டுப் புத்தகம் ஓர் எண்ணைக் காட்டி அஞ்ச வேண்டா என்று கூறினால், சித்திரை மாதத்துத் திருச்சியில் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அம்மோனியாச் சோதனையை, பி.எச். சோதனையும் வெப்பமானியும் இன்றித் தனியே வாங்குவது பயன் தராது. சோதனைகளுள் சில, ஏரில் பூட்டிய இரட்டை மாடுகள் போன்றவை.

காரத்தன்மையும் பி.எச். எண்ணும் மற்றோர் இணை. இவ்விரண்டையும் அறிந்தால் செடிகளுக்குக் கிடைக்கும் கரியமிலவாயுவைக் கணிக்கலாம். காரத்தன்மை 4 பாகையும் பி.எச். 7உம் உள்ள நீரில் கரியமிலவாயு லிட்டருக்குச் சுமார் 12 மில்லி கிராம். காரத்தன்மை மாறாமல் பி.எச். 6.6 ஆனால் சுமார் 30 மில்லி கிராம். ஆனால் நாட்டு வாதுமையின் சருகைத் தொட்டியில் இட்டிருந்தால் அதிலிருந்து வேறு அமிலங்கள் கலந்திருக்கும். அப்போது இக்கணக்குப் பொருந்தாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். செடிகள் பகலில் கரியமிலவாயுவை உண்பதால் மாலையில் பி.எச். உயரும், இரவில் மீனும் செடியும் மூச்சு விடுவதால் காலையில் தாழும். ஒரே தொட்டியின் காலை எண்ணும் மாலை எண்ணும் வேறுபடுவது பெட்டியின் குற்றமன்று. ஆதலால் நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதித்து, நேரத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

வாங்கிய பெட்டியை எங்ஙனம் நம்புவது? விடை தெரிந்த கேள்வியை முதலில் அதனிடம் கேட்டுப் பாருங்கள். தேர்வாளரையே தேர்வு செய்வது போன்றது இது. காய்ச்சி வடித்த நீரில் அம்மோனியாவும் நைட்ரேட்டும் சுழியைக் காட்ட வேண்டும். சமையல் சோடா 0.3 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், காரத்தன்மை 10 பாகையாக இருக்கும். பத்துத் துளியில் நிறம் மாறினால் உங்கள் பெட்டி நேர்மையானது. பதினான்கு துளி கேட்டால் அதற்கு வயதாகிவிட்டது. கல்லூரி மாணவர்கள் பேராசிரியரின் துணையோடு பொட்டாசியம் நைட்ரேட்டு 0.163 கிராம் எடுத்து ஒரு லிட்டராகக் கரைக்கலாம். அது லிட்டருக்கு 100 மில்லி கிராம் நைட்ரேட்டு உள்ள கரைசல். அதில் 100 மில்லியை எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால் 10 மில்லி கிராம். நைட்ரேட்டுச் சோதனையில் பலரும் தவறுவது குலுக்குவதில்தான். பல பெட்டிகளில் இரண்டாம் புட்டியின் அடியில் ஒரு தூள் படிந்திருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது அதுவே. குறிப்பில் சொன்ன நேரம் முழுதும் நன்றாகக் குலுக்காவிடில், நைட்ரேட்டு நிறைந்த நீரும் ஒன்றுமில்லாததுபோல் காட்டும்.

சோதனைக் குழாயைச் சோதிக்கும் நீராலேயே மும்முறை கழுவுதல், துளிப்புட்டியைச் செங்குத்தாகப் பிடித்தல், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் காணுதல் ஆகிய பழக்கங்களுக்குக் காசு செலவில்லை. ஆயினும் பெட்டியின் விலையைவிட இவற்றின் மதிப்பு மிகுதி.

இனி, கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு என் யோசனையைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலில் கடினத்தன்மை, காரத்தன்மை இரண்டையும் துளி எண்ணும் பெட்டியால் ஒருமுறை சோதியுங்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினாலும் போதும். உங்கள் நீர் கடினமானது எனத் தெரிந்தால் அதனோடு போராட வேண்டா. கடின நீரில் வாழும் கப்பி, மோலி மீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வளர்க்கலாம். மென்னீரை விரும்பும் நியான் டெட்ராவே வேண்டுமெனில், கணக்கிட்டு நீரைக் கலக்க வேண்டும். 16 பாகை நீரோடு கடினத்தன்மை நீங்கிய ஆர்.ஓ. நீரைச் சரிபாதி சேர்த்தால் சுமார் 8 பாகையாகும். இரண்டாவதாக, அம்மோனியா, நைட்ரைட்டு, பி.எச். ஆகியவற்றைப் புதுத் தொட்டிக்கு வாங்குங்கள். மூன்றாவதாக, செடி வளர்ந்தபின் நைட்ரேட்டு. பாஸ்பேட்டும் இரும்பும் செடிகளில் குறை தோன்றும்போது பார்த்துக்கொள்ளலாம். குழாய் நீரை ஊற்றுவோர் குளோரினை மறக்கக் கூடாது. குடிநீரில் கிருமியைக் கொல்ல லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு நன்மை செய்யும் அதுவே மீனின் செவுளையும் தொட்டியின் நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கியதா எனச் சோதித்தபின் ஊற்றுங்கள்.

மாணவர்களே, இத்திறமை மீன் தொட்டியோடு நின்றுவிடுவதன்று. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்னும் மருத்துவர், கைக்குழந்தைகள் சிலர் நீலம் பாரித்ததற்குக் கிணற்று நீரின் நைட்ரேட்டே காரணம் என்று எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் குடிநீருக்கு நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லி கிராம் என 2012ஆம் ஆண்டுத் தர நிர்ணயம் விதிக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் ஏற்பாட்டின்படி, ஊர்தோறும் ஐந்து பெண்களுக்கேனும் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. அப்பெண்கள் துளி விட்டு, நிமிடம் எண்ணி, நிறம் பார்ப்பதும் நீங்கள் தொட்டியருகே அமர்ந்து செய்வதும் ஒரே வேலை. நிறத்தை ஒருபடி தாழ்த்திப் படித்தால் உங்களிடத்தில் ஒரு மீனுக்குத் துன்பம். அவர்களிடத்தில் ஒரு குழந்தைக்கு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மீன் தொட்டிப் பெட்டியைக் கொண்டு குடிநீர் நல்லது என்று ஒருபோதும் தீர்ப்பளிக்காதீர்கள். நோய்க்கிருமிகளை அது காட்டாது. 1982ஆம் ஆண்டு மாஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய அறிஞர்கள், மலக்கலப்புள்ள நீர் கறுத்துக் காட்டும் எளிய சோதனை ஒன்றை வகுத்தார்கள். அது வேறு கேள்விக்கான வேறு கருவி. குடிநீரில் ஐயம் தோன்றினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தை அணுகுவதே முறை.

சோதித்து முடித்த நீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. கைகளைக் கழுவாமல் உணவைத் தொடவும் கூடாது. கழித்த செடிகளையும் வேண்டாத மீன்களையும் காவிரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத் தாமரை நம் நீர்நிலைகளை என்ன செய்தது என்பதை நீங்கள் கண்ணாரக் காண்கிறீர்கள்.

இந்த வாரமே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். நாள், நேரம், வெப்பம், எண், அலகு என ஐந்து கட்டங்கள் போதும். முதல் பக்கத்தின் தலைப்பில், நான் அறிய விரும்புவது யாது என்று எழுதி அதற்கு விடையையும் எழுதுங்கள். அதை எழுதிய பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.